கண்டுபிடித்தவர் இடத்தில் யார் பெயர்?

அருள்புரத்தில் பனியன் துணி பின்னும் மெஷின்களுக்கு என் கணவர் மெக்கானிக். ஊசி உடைந்தால் மெஷினை உடனே நிறுத்தும் கருவி ஒன்றைச் சொந்தமாகச் செய்தார். காப்புரிமை வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். கருவி ஓடுவதைக்கூடப் பார்க்காமல் வரைபடத்தையே அவர் கேட்டது எனக்கு உறுத்தியது. கணவர் கையெழுத்துப் போடும்முன், ஆங்கிலப் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“ஏனுங்க, கண்டுபுடிச்சவரு எடத்துல உங்க பேரு இருக்குதுங்களே?”

“அது சும்மா வழக்கமுங்க.”

“அப்ப எங்கூட்டுக்காரரு பேரையே போடுங்க.”

அவர் முகம் கறுத்தது. அவர் கையிலிருந்த வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாளே கோவையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். “நல்லவேளைங்க. யாரு முதல்ல விண்ணப்பிச்சாங்கங்கற தேதிதான் பேசும்” என்றவர், முழு விவரத்தைப் பிறகு தரலாம் என்று உடனே தற்காலிக விண்ணப்பம் போட்டுக்கொடுத்தார்.

கணவர் இப்போது அடுத்த கருவியில் இறங்கியிருக்கிறார். அதற்கும் விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை, என் உடன்பிறந்த தம்பிக்குக்கூடப் பட்டறைக் கதவை நான் திறப்பதில்லை.