குளத்துக்காரரின் மூன்று நாள் லீவு

சலவைக்கூடத்துக் குளத்துக்காரருக்குச் சும்மா இருக்க வராது. வீட்டில் மூடியிருக்கும் டப்பாவைத் திறந்து மறுபடி மூடுவார். அடுப்பில் எது வெந்தாலும் ஒரு கிளறு கிளறிவிட்டுத்தான் கடப்பார்.

அவர் காத்த குளமோ அசையாமல் கிடந்தால்தான் வேலை செய்யும். அடியில் கனத்த உப்புநீர், மேலே நல்ல தண்ணீர், நடுவே இடைப்பட்ட உப்பில் ஓர் அடுக்கு. அடிவரை இறங்கும் வெயிலின் சூட்டை அந்த நடு அடுக்கு கம்பளிபோல் மூடிப் பிடித்துக்கொள்ளும். சலவைக்கு வெந்நீர் அந்தச் சூட்டில்தான்.

மாதக் கடைசிக்குள் அடிநீர் எழுபது டிகிரியைத் தொடாவிட்டால் குளத்தை மூடிவிட்டு, அவரைப் பழையபடி பாய்லருக்கு விறகு தள்ள அனுப்புவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் புகை குடித்த நெஞ்சு அவருக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். வெயிலை மறைக்கிறதே என்று, நடுநீரில் ஒற்றைச் சருகு தொங்கினாலும் நீளக் கம்பு வலையை விட்டுத் துழாவி எடுத்தார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. சூடு மட்டும் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். அங்கேயே இஸ்திரி போடும் மச்சினன்தான் அளவு பார்த்து எழுதினான். நான்காம் நாள் நோட்டைத் திறந்தவருக்குப் பகீரென்றது. அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்துநான்கு.

"டேய் மாப்ளே, என்னடா பண்ணே?"

"சத்தியமா கை வைக்கல மாமா. சூடு பாக்கற கம்பியை இறக்கினேன், எழுதினேன், போயிட்டேன்."

"உப்பு எதாவது போட்டியா?"

"நான் உப்பு போடறது என் சோத்துக்கு மட்டும்தான்."

வீட்டில் மனைவி நோட்டை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"நீங்க போகாத மூணு நாளும் ஏறியிருக்கு. கம்பளியைப் போத்திவிட்டு நிமிஷத்துக்கொரு தரம் விலக்கிப் பாத்தா குழந்தைக்குக் குளிராதா? என் அடுப்புலயும் இதே கதைதானே!"

சுருக்கென்றது. அழுக்கை எடுத்த வலை அடுக்குகளையும் கலந்திருக்கிறது. தன் அக்கறையே தொந்தரவு என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அவருக்கு ஒரு ராத்திரி பிடித்தது.

மாதம் முடிய ஐந்து நாள். வலையை மச்சினனிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னார். அன்றைக்கென்று ஒரு பழுத்த இலை நடுநீரில் வந்து தொங்கியது. தன் கண்ணிலேயே தூசி விழுந்ததுபோல் தவித்தார். கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். புகைகூட இவ்வளவு கஷ்டம் கொடுத்ததில்லை.

கடைசி நாள் மேனேஜர் வந்தார். எழுபத்தொன்று.

"அடேயப்பா! அப்படி என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சார்."

"இந்த அடக்கம்தான்யா வேணும்!" என்று மேனேஜர் தோளில் தட்டினார். "இதையே விடாம செய்யுங்க."

குளத்துக்காரர் தலையாட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் பதினாறு வருஷம் இருந்தது. இலையும் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.