இறங்கிப் போக முடியாத இடம்

பாப்பாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தலையும் முக்கால்வாசி நரைத்துவிட்டது. ஆனாலும் அண்ணன் வாயில் அவள் பாப்பாதான், அதனால் ஊர் வாயிலும் பாப்பாதான். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி மெஷின் முன்னால் நின்று படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளுவது அவள் வேலை. ஜன்னல் இல்லாத இடம். ஒரு பக்கம் ஈரத்துணி மூட்டை, இன்னொரு பக்கம் ஆவி. நாள் பூரா அங்கே நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் கால் நீட்ட ஒரு மூலை கிடைத்தால் போதும், வேறு சொர்க்கம் வேண்டாம். அந்த மூலைதான் அவளுக்குக் கிடைக்கவில்லை.

வீட்டில் அம்மா இருந்தாள். காலும் போய், நினைவும் பாதி போய், ராத்திரி எது பகல் எது என்று தெரியாமல் ஆகிப்போன அம்மா. பகலில் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு அம்மாள் வந்துபோவாள். ராத்திரி முழுக்கப் பாப்பாவின் பாடு. தண்ணி கொடு, திருப்பிப் படுக்க வை, விளக்கைப் போடு, விளக்கை அணை, யாரோ கதவைத் தட்டுறாங்க பாரு. யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து காட்டினால்தான் அம்மா அடங்குவாள். திரும்ப வந்து தலையைச் சாய்ப்பதற்குள் மறுபடியும் தண்ணி.

அண்ணனும் தம்பியும் எங்கோ கடல் கடந்து போய்விட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் கெட்ட பழக்கம் கிடையாது, அம்மா என்றால் உயிர். கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். "உனக்கென்ன பாப்பா, குடும்பமா குட்டியா, நீ தனி ஆளு" என்று ஒருநாள் அண்ணன் சொன்னார், அதோடு ஏற்பாடு முடிந்துபோயிற்று. கல்யாணம் ஆகாதவளுக்கு ராத்திரித் தூக்கம் தேவையில்லை என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றும் இல்லை. பேச்சை எடுப்பாள். எடுத்ததும் அண்ணனுக்குப் போன் வரும். தம்பி வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வருகிறேன் என்று போவான், போனவன் தன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுவான். அண்ணிக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருக்கும். கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அந்தக் குடும்பத்தில் அது பரம்பரைச் சொத்து.

ஒருநாள் மெஷின் முன்னால் நின்றபடியே பாப்பாவுக்குக் கண் சொருகிவிட்டது. முன்கை சூடான தகட்டில் போய்ப் பட்டது. பக்கத்தில் நின்றவள் பிடித்து இழுக்காவிட்டால் கை வெந்திருக்கும். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை மெஷின்ல நிறுத்த மாட்டேம்மா. வேலை போறது இருக்கட்டும், கையே போயிடும்" என்றார் மேற்பார்வையாளர். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

சாயங்காலம் கட்டுப் போட்ட கையைப் பார்க்க அண்ணனும் தம்பியும் வந்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். ஐயோ பாவம் தீர்ந்ததும் பேச்சு மீன் பிடிப்பதில் போய் நின்றது. அண்ணனின் சிநேகிதர், பிளம்பர் ஒருவர், சின்ன மோட்டார் படகு ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் அதில் கடலுக்குப் போய்விடுவார்கள். விற்கவா, பிழைக்கவா? பொழுதுபோக்குத்தான். "அங்க போயிட்டா நிம்மதிக்கா. போனெல்லாம் வண்டியிலயே வெச்சுட்டுப் போயிடுவோம். ஆனா ஒண்ணு, நினைச்ச நேரத்துக்கு எழுந்து வர முடியாது" என்றான் தம்பி. அவன் யோசிக்காமல் சொன்னதுதான். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க. நானும் மீன் பிடிக்கக் கத்துக்கிறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கைக்கட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். பகலில் வருகிற அம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமையும் வரவைத்தாள் பாப்பா.

முதல் ஞாயிறு சொல்வதற்குச் சுகமில்லை. கடலில் வைத்துப் பேச வேண்டியதை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை, வயிற்றில் இருந்ததுதான் வந்தது. "தண்ணியப் பாக்காத தங்கச்சி. தூரத்துல வானம் முடியுது பாரு, அங்கயே பாரு" என்று பிளம்பர் தலையைப் பிடித்து நிமிர்த்தினார். உயிர்காக்கும் சட்டைக்குள் ஒடுங்கி, போதும்டா சாமி என்று கரை வந்து சேர்ந்தாள்.

இரண்டாம் தடவை வயிறு கொஞ்சம் சொன்னபடி கேட்டது. அண்ணன் கொக்கியில் இறாலைக் கோத்துக் காட்டினார். ஈயக்குண்டு தரையைத் தொடுகிற வரைக்கும் தூண்டில் நரம்பை விட வேண்டும், தொட்டதும் ஒரு முழம் தூக்கிக்கொள்ள வேண்டும். "சும்மா கொத்துறப்ப இழுத்துடாத பாப்பா. அது ருசி பாக்குது. வாயில வெச்சுட்டுத் திரும்பும், அப்பத்தான் இழுக்கணும்." அவசரக்காரி, வீசிப் போடுகிறேன் என்று வீசினாள். கொக்கி தம்பியின் தொப்பியைக் கவ்விக்கொண்டு கடலுக்குள் போயிற்று. "நல்லவேளை, காதை விட்டுட்டே!" என்று அவன் சிரித்தான், அண்ணன் சிரித்தார், அவளுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. நரம்பு வெட்டிய விரலை அண்ணன் தண்ணீரில் அலசிவிட்டார். டீயை முதலில் அவள் கையில் கொடுத்தார்கள். யாராவது தனக்கு ஒன்றைச் செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்ததும் பேச வந்ததைப் பேசாமல் இருந்துவிட்டாள். அதற்குத் தண்டனையாக அன்று ராத்திரி அம்மா ஒரு பொட்டுக் கண் மூடவில்லை.

மூன்றாம் தடவை, உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் அவளுக்கு மாட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் குஷியில் பிளம்பர், திரும்பும்போது படகை நீயே ஓட்டு என்று சொல்லி அவளை மோட்டார் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரு சிவப்புக் கயிற்றை அவள் மணிக்கட்டில் மாட்டினார். இன்னொரு முனை மோட்டாரில் இருந்தது. ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். திரும்ப அதை மாட்டாமல் மோட்டார் கிளம்பாது.

கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு, "அம்மாவை இனி நான் தனியாப் பாத்துக்க முடியாது. முறை வைங்க" என்றாள்.

அண்ணனின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. போன் கரையில் வண்டிக்குள் இருந்தது. தம்பி விருட்டென்று எழுந்தான். எழுந்த பிறகுதான் போக இடமில்லை என்று தெரிந்தது, உட்கார்ந்துகொண்டான்.

"கரைக்குப் போய்ப் பேசிக்கலாம் பாப்பா. நீ நேராப் பாத்து ஓட்டு" என்றார் அண்ணன்.

பாப்பா கையை வெடுக்கென்று இழுத்தாள். மோட்டார் நின்றது.

"கரைக்குப் போனா ரெண்டு பேரும் காணாமப் போயிடுவீங்க. பேசிட்டுப் போலாம்."

பிளம்பர் பாவம், அடுத்த வீட்டு வழக்கில் நடுவில் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நங்கூரத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"நான் தூங்கி வருஷக்கணக்காச்சு" என்றாள் பாப்பா. "அம்மா போய்ச் சேந்துட்டா தேவலைன்னு சில ராத்திரி நினைக்கிறேன். நினைச்சுட்டு அவ காலைப் பிடிச்சுட்டு அழுறேன். இப்படியே போனா நான் என்ன செஞ்சுடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு."



"என் வீடு மூணாவது மாடிக்கா" என்று இழுத்தான் தம்பி. "அம்மாவை எப்படி..."

"லிப்ட் இருக்கேப்பா" என்றார் பிளம்பர். "அந்தக் கட்டடத்துக்கு நான்தான குழாய் போட்டேன்."

தம்பி அவரைப் பார்த்த பார்வையில் மீன் வெந்திருக்கும். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல நான் கூட்டிட்டுப் போறேன். நாலு மாசம். அடுத்த நாலு மாசம் இவன். அப்புறம் நீ" என்றார். தம்பி தலையாட்டுகிற வரைக்கும் பாப்பா கயிற்றைக் கொடுக்கவில்லை.

சொன்னபடி அண்ணன் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பாப்பா தூங்கினாள் பாருங்கள், அடித்துப் போட்ட மாதிரி. ஒரு லீவு நாளில் எழுந்தால் சாயங்காலம் ஆகியிருந்தது. ஆனாலும் வருஷக்கணக்கான களைப்பு நாலு தூக்கத்தில் தீருமா? உடம்பு இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு வா என்று அண்ணன் போன் செய்தார். கிடந்து தூங்கலாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் கைக்குத் தூண்டில் கொஞ்சம் பழகிப்போயிருந்தது, அண்ணன் குரலும் ஒரு மாதிரி இருந்தது. போனாள்.

நங்கூரம் போட்டார்கள். பாப்பா தானே இறாலைக் கோத்து, ஈயக்குண்டு தரையைத் தொடுகிற வரைக்கும் விட்டுவிட்டு, ஒரு முழம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தூண்டிலைத் தொடவே இல்லை. கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். தம்பி வேண்டுமென்றே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை எதற்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பாப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் இறங்கிப் போக இடமில்லை.

"என்னால முடியல பாப்பா" என்றார் அண்ணன். "பஸ்ஸு நிறையப் பிள்ளைங்களை வெச்சுட்டுக் கண் சொருகுது. அம்மாவை நீயே கூட்டிட்டுப் போயிடு."

"தம்பி முறைதான அடுத்தது. அவன்கிட்டக் கேளு."

"அவன்கிட்ட விட்டாலும் இதே கதைதான். ராத்திரி பூரா உன்னைத்தான் கூப்பிடுறா. பாப்பா எங்க, பாப்பா இன்னும் வரலையா, பாப்பா சாப்பிட்டாளா. அவளுக்கு நீதாம்மா வேணும்."

பாப்பாவின் தூண்டில் வெடவெடவென்று ஆடியது. அவள் கவனிக்கவில்லை. கண்ணீர் கொட்டியது.

"என்கிட்ட இருந்தப்ப உன்னைத்தான் கூப்பிட்டா அண்ணா. பெரியவன் எங்க, பெரியவன் சாப்பிட்டானான்னு. பக்கத்துலயே உக்காந்திருக்கிற என்னை ஒரு தடவை கூப்பிட்டதில்ல."

"ஏன் சொல்லல நீ?"

"சொன்னா நீ தாங்க மாட்ட."

அந்த நிமிஷமே ஓடிப்போய் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, பொய் சொல்வானேன். அம்மா வாயில் தன் பேர் வருவதைக் கேட்க அவள் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள்! வரேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு அதை விழுங்கினாள்.

"லீவு நாள்ல வந்து குளிப்பாட்டி விடுறேன். சாப்பாடு ஊட்டுறேன். தம்பி நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போகட்டும், அவன் பாடு உன் பாடு. ராத்திரிக்கு மட்டும் நான் வர மாட்டேன்."

தம்பி நிமிரவில்லை. அண்ணன் குழந்தை மாதிரி விசும்பினார்.

"அவ கூப்பிடுறாளே பாப்பா. நான் அவளுக்கு என்னத்தச் சொல்ல?"

"பாப்பா தூங்குறா, எழுப்பாதன்னு சொல்லு."