ஏப்ரல் பதினைந்தும் மல்லாட்டை மண்டி ஃபேக்ஸும்

வரித் தாக்கல் தொழிலில் வருஷத்துக்கு ஒன்பது மாசம் நம்மை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மீதி மூணு மாசம் நம்மைச் சாப்பிட விட மாட்டார்கள். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசி தேதி என்றாலே உங்களுக்கும் தூக்கம் போய்விடுமென்றால் வாங்க, நீங்களும் நம்ம கட்சிதான்.

யாருங்க ஃபாரினர்?

கொஞ்ச வருஷமாக ஒரு புது வகை ஆட்கள் படியேறி வருகிறார்கள். ஊரை விட்டு எங்கேயும் போகாமல் அமெரிக்காவில் கம்பெனி வைத்திருப்பவர்கள். எல்.எல்.சி. என்று அதற்குப் பேர். போனிலேயே நாலு பக்கம் நிரப்பினால் போதும், கொஞ்ச நாளில் நீங்கள் அமெரிக்கக் கம்பெனி முதலாளி. எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. வருஷா வருஷம் ஏப்ரல் பதினைந்துக்குள் அந்த நாட்டு வரி அலுவலகத்துக்கு ஒரு படிவம் போகணும், போகாவிட்டால் அபராதம் இருபத்தைந்தாயிரம் டாலர் என்று சொல்ல மட்டும் ஒரு வீடியோவும் கண்ணில் படாது.

முதலில் வந்தவர் பனமலை ஊர்க்காரர் சிவகுரு. போனில் குழந்தைகள் ஆடும் விளையாட்டுகளைச் செய்து விற்பவர். படிவத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னேன்: "வெளிநாட்டவருக்குச் சொந்தமான கம்பெனி." யாரந்த வெளிநாட்டவர் என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார் மனுஷர். நீங்கதாங்க என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு பஸ் ஏறி வர்றேன் மேடம், என்னைப் போயி ஃபாரினர்ன்றீங்களே!"

அவ்ளோ பெரிய நாடு

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி தேதி நெருங்கினால் கணக்கை எடுக்க மாட்டார்கள், டிவியைப் போடுவார்கள். தேதியைத் தள்ளிவிட்டார்கள் என்று கீழே செய்தி ஓடுகிறதா பார்ப்பதற்கு. தப்பு சொல்ல முடியுமா? எத்தனை தடவை அப்படி ஓடியிருக்கிறது! என் வாயாலேயே "இருங்க, தள்ளினாலும் தள்ளுவாங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அமெரிக்காவையும் இதே கணக்கில் சேர்த்தால் எப்படி? மார்ச் மாசம் சிவகுருவுக்கு மூணு தடவை போன் போட்டேன். மூணு தடவையும் "பண்ணிக்கலாம் மேடம்." நாலாவது தடவை கத்திவிட்டேன். அவர் அசரவே இல்லை, எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நம்ம கவர்மெண்டே பாவப்பட்டு தேதி தள்ளுது. அவ்ளோ பெரிய நாடு, தள்ளாதா?"

வியாபாரமே நடக்கலியே

ஏப்ரல் எட்டாம் தேதி ரோஸ்மேரி வந்தாள். வானூர் பக்கம். அப்பா கட்டட வேலை, அம்மா காடு கழனியில் கூலி வேலை. இவள் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் படங்கள் வரைவாள், அவ்வளவு அழகு. கோழி, பனைமரம், ஏர் உழுகிற மாடு. அதை அமெரிக்க டீச்சர்களுக்கு விற்கலாம் என்று யாரோ சொல்ல, கம்பெனி ஆரம்பித்துவிட்டாள். ஒரு படம்கூட விற்கவில்லை. "வியாபாரமே நடக்கலியே மேடம், நான் எதுக்கு ஃபாரம் போடணும்?" என்றாள்.

கம்பெனி தொடங்க உன் கைக்காசைப் போட்டாய் இல்லையா, அதையே எழுதித் தரணும் என்றேன். அபராதத்தையும் சொன்னேன். அவள் கைபேசியில் பெருக்கிப் பார்த்தாள். அப்பா அம்மா பேரில் இப்போதுதான் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது, தளம் போட்டு முடித்திருந்தார்கள். இன்னொருத்தி என்றால் அழுதிருப்பாள், என்னைக் காப்பாத்துங்க என்றிருப்பாள். இவள் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். தண்ணி வேணுமா என்றால்கூட வேண்டாம் என்பாள்.

மெதுவாகச் சொன்னாள்: "வூட்ட வித்துட்டா பாதி வரும். மீதிய தவணையா கட்டவுடுவாங்களா மேடம்?"

சித்திரை ஒண்ணு

அப்படியெல்லாம் ஆகாது, இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று அனுப்பி வைத்தேன். அவளுடைய அமெரிக்க வங்கிக் கணக்கின் விவரம் ஒன்றுதான் வரணும். தினமும் "வந்துதா?" என்று கேட்பேன். தினமும் "வந்துடும் மேடம்" என்பாள். பதினாலாம் தேதி, சித்திரை ஒண்ணு, ஊரே லீவு. என் வீட்டில் பாயசம் கொதிக்கும்போது போன் வந்தது. கணக்கு பூட்டிக்கொண்டதாம். திறக்க இரண்டு வாரம் ஆகுமாம். எப்போது பூட்டியது? அஞ்சு நாள் ஆச்சாம்! ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். என்னென்னவோ கத்தினேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவும் தேதி தள்ளும்! ஆறு மாசம் தள்ளும், காரணம்கூடக் கேட்காது. ஆனால் அங்கே ஊருக்கே சேர்த்து டிவியில் சொல்ல மாட்டார்கள். வேணும் என்கிறவர்கள் கடைசி தேதிக்குள் தனியாக ஒரு தாள் அனுப்பிக் கேட்கணும், அவ்வளவுதான். அவசரத்தில், கோபத்தில், இத்தனை வருஷத் தொழிலில் இருந்துகொண்டு அதை மறந்துவிட்டேனே! உடனே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என் மன்னிப்பெல்லாம் காதிலேயே ஏறவில்லை.

"கேட்டா குடுப்பாங்களா மேடம்? சும்மாவா?"

வாசல்

இந்த மாதிரிக் கம்பெனிக்காரர்கள் தாளைத் தபாலில் அனுப்பணும், இல்லையென்றால் ஃபேக்ஸில். சிரிக்காதீங்க, அமெரிக்காவில் இன்னும் ஃபேக்ஸ்தான். வழக்கமாக இணையத்திலிருந்தே ஃபேக்ஸ் அனுப்பிவிடுவேன். பதினைந்தாம் தேதி பார்த்து அந்தத் தளம் படுத்துக்கொண்டது. அஞ்சு தடவை முயன்றேன், அஞ்சு தடவையும் பாதியில் நின்றது. ஒரே பேஜாரு. கீழே ஜெராக்ஸ் கடையில் கேட்டால், ஃபேக்ஸா, அதை இரும்புக்குப் போட்டாச்சே என்றார்கள். விழுப்புரத்தில் தெரிந்த இரண்டு ஆபீசுக்குப் போன் போட்டேன், அங்கேயும் இல்லை.

காலையிலேயே வந்து பக்கத்தில் நின்ற ரோஸ்மேரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஒரு எடத்துல இருக்குது மேடம். எங்கம்மா மல்லாட்டை சலிக்கப் போற மண்டியில. நான் சின்னதுல பாத்திருக்கேன்." ஆட்டோ பிடித்துப் போனோம். மண்டி வாசலில் நிலக்கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த காலமெல்லாம் அவள் அங்கேதான் நிற்பாளாம், உள்ளே போனதே இல்லையாம். "நீங்க கேளுங்க மேடம்" என்றாள். கம்பெனி உன்னுது, நீ கேள் என்றேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொன்னேன்.

கேட்டாள். குரல் வெளியே வர ரெண்டு தடவை ஆனது. முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஆரோக்கியமேரி பொண்ணா? அங்கியே ஏன் நிக்கற, உள்ள வா" என்றார். மேஜை மேல் ஒரு துண்டை விலக்கினால் அடியில் ஃபேக்ஸ் மிஷின்! ஏற்றுமதி பண்ணின காலத்தில் வாங்கிய வெளிநாட்டு லைன், இன்னும் உயிரோடு இருந்தது. முதல் தடவை போகவில்லை. ரெண்டாம் தடவை கீ என்று கத்திக்கொண்டே தாளை இழுத்தது. போய்ச் சேர்ந்தது என்று தேதியோடு ஒரு சீட்டு வெளியே வந்தது. நான் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். "அமெரிக்காவுல உனக்கு என்னா வேலை?" என்று முதலாளி அவளைக் கேட்டார்.

"அங்க எனக்குக் கம்பெனி இருக்குதுங்க. அதுக்குத்தான் தேதி கேட்டு அனுப்பறேன்."

லேமினேஷன்

கணக்குத் திறந்தது, படிவமும் ஆகஸ்டிலேயே போய்ச் சேர்ந்தது, அபராதம் இல்லை. வீட்டுக்கு ஜன்னல் வைத்துவிட்டார்கள். சிவகுருவுக்காகவும் அன்றைக்கே அதே மிஷினில் தேதி கேட்டு ஒரு தாள் அனுப்பியிருந்தேன். "நான் சொன்னேன் பாத்தீங்களா, தள்ளிட்டாங்க" என்று இன்னும் பெருமையடித்துக்கினு திரிகிறார், அது தனிக் கதை.

போன வாரம் ரோஸ்மேரி ஒரு பையோடு வந்தாள். அந்த ஃபேக்ஸ் சீட்டை ஃப்ரேம் போடணும் என்று லேமினேஷன் கடையில் கொடுத்திருக்கிறாள். அது சூடு பட்டால் கறுக்கிற காகிதம். உள்ளே வெள்ளையாய்ப் போனது, வெளியே தோசைக்கல் மாதிரி வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பழைய ரோஸ்மேரி என்றால் அதை மறைத்து வைத்திருப்பாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தாள், அப்புறம் சொன்னாள்.

"நீங்க ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். கேட்டா குடுப்பீங்க, அதான் கேக்கறேன்."

இத்தனையும் எழுதிவிட்டு நான், என்னுடைய சொந்த வரிக் கணக்கைத் தொடாமல், தேதியைத் தள்ளிவிட்டார்கள் என்று கீழே செய்தி ஓடுகிறதா என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.