பிரியென்ஸ் மேட்டில் சப்பாத்துக் கழற்றிய வீடு

1986 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சுவிஸின் சோலோதுர்னில் ரயிலேறினோம். நானும், என்னோடு ஒரே அறையில் இருக்கும் குணம் அண்ணையும். செவ்வாய்க்கிழமை பேர்னில் அவருக்கு அகதி விசாரணை. தொப்பி போட்டவர்களைக் கண்டால் அண்ணைக்கு வாயடைத்துப் போகும். முதல் விசாரணையில் பெயரையும் ஊரையும் தவிர ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறையும் வாய் திறக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறைக்குள் கிடந்து யோசித்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

பேர்னிலும் இன்டர்லாக்கனிலும் மாறி, பத்து மணிக்குப் பிரியென்ஸ். பிறகு கொஞ்சத் தூரம் பஸ். நாட்டின் நாலா பக்கமும் இருந்த பழைய வீடுகளைப் பலகை பலகையாகக் கழற்றிக் கொண்டுவந்து, இந்த மேட்டுக்காட்டில் மறுபடி பொருத்திப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு ஆளுக்கு எட்டு பிராங்க். கோழி மேய்கிறது, ரொட்டி வேகிறது. குடியிருக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு மரவீட்டின் முன்னிருந்த அறிவிப்பை, ஹோட்டல் சமையலறையில் பொறுக்கிய ஜெர்மனை வைத்து எழுத்துக்கூட்டினேன். அந்த வீட்டுக்காரர் பஞ்சம் தாங்காமல் பிள்ளைகுட்டியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களாம். சுவிஸ்காரன் பஞ்சம் பிழைக்கப் போனான் என்று ஊரில் சொன்னால், என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

"அப்ப இவையும் எங்களை மாதிரித்தானோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. இவை கொஞ்சம் முந்திப் போட்டினம்."

கதைத்தபடியே இருவரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வீடு என்றால் கை தானாகவே அதைச் செய்துவிடும். பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள், இங்கே இதுதான் சட்டமாக்கும் என்று வரிசையாகக் கழற்றத் தொடங்கின. நாங்கள் கரிபிடித்த அடுப்படியைப் பார்த்து முடிப்பதற்குள், வாசல் நல்லூர்க் கோயில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

தொப்பி போட்ட காவலாளி ஒருவர் வந்தார். "முதலில் கழற்றியது யார்?"

நான் வாயெடுப்பதற்குள் அண்ணை முன்னே போனார். "நான்," என்றார், உடைந்த ஜெர்மனில். "எங்கள் ஊரில் வீட்டுக்குள் சப்பாத்தோடு போவதில்லை. ஆமிப் பட்டாளம் மட்டும்தான் போனது."

காவலாளி அவரை நிமிர்ந்து பார்த்தார். அடுப்படியில் கிடந்த வாங்குப் பலகையைக் காட்டி, "உட்காருங்கள். பிறகு?" என்றார்.

"என் தம்பியைச் சாமியறைக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டைக் கொளுத்தினார்கள். அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது."

எட்டு மாதமாக அவர் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் நான். அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது.

மாலை ரயிலில் ஏரி கூடவே வந்தது. ஊரைவிட்டுப் போனவனின் வீட்டுக்கும் இந்த நாட்டில் காவல் போட்டிருக்கிறார்கள். அண்ணையின் வீட்டில் சுவர்கூட மிஞ்சியிராது.

"செவ்வாய்க்கிழமையும் இப்பிடியே சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் வெளியே பார்த்தபடி இருந்தார். "அங்கை சப்பாத்தோடை எல்லோ இருக்கவேணும்."

"கழட்டிப்போட்டு இருந்து சொல்லுங்கோ. நானும் வாறன். வாசலிலை நிண்டு சப்பாத்தைப் பாத்துக்கொள்ளுறன்."