பூ ஏந்திய சாமி

கட்டைக்காரர் என்றால் ஊருக்கே தெரியும். மரக்கட்டையில் சாமி உருவத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்து விற்பவர். அவர் செதுக்கிய சாமியின் கையில் ஒரு பூ இருக்கும். உதட்டில் லேசான சிரிப்பும் உண்டு. "எங்கிட்ட சிரிக்காத சிரிப்பையெல்லாம் கட்டையில கொட்டிட்டாரு" என்று மனைவி கேலி செய்வாள்.

மதக் கலவரம் தொடங்கியதும் ஜனங்களுக்குப் பூ கசந்துபோனது.

"இந்த நேரத்துல பூ எதுக்குண்ணே? வாள் குடுங்க" என்றான் படக்கடைக்காரன்.

வயிறு கொள்கை பார்க்குமா? பூ இருந்த இடத்தைக் குடைந்தெடுத்து, புது மரத்துண்டை இறுக்கி அறைந்து, அதில் வாளைச் செதுக்கினார். சிரிப்பையும் சீவித் தள்ளினார். படம் சுடச்சுட விற்றது. கதவுக்குக் கதவு அதுதான். அது இல்லாத வீடாகப் பார்த்துக் கொளுத்தினார்கள்.

அவருடைய ஒரே மகள் கட்டிக்கொண்டது மற்ற மதத்துப் பையனை. ஒரு மதியம் பட்டறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அப்பா, கதவுல ஒட்ட ஒரு படம் குடுங்கப்பா. எங்க தெருவுக்கும் வரப்போறாங்களாம். அவரும் ஒட்டிக்கலாம்னுட்டாரு."

மேசை முழுக்க வாள் படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை உருவிக் கொடுத்திருக்கலாம். மனுஷனுக்குக் கை வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு அந்த மூஞ்சியையா கொடுப்பது? அலமாரியைக் கிளறி, மிச்சமிருந்த பழைய பூப் படம் ஒன்றைத் தேடியெடுத்து, ஓரம் மடங்காமல் சுருட்டிக் கொடுத்தார்.

"இதுதாம்மா நல்ல படம். இது காப்பாத்தும்."

பாவி மனுஷன், நம்பித்தான் கொடுத்தார்.

வந்தவர்கள் அந்தக் கதவின் முன்னால் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு ஒருத்தன் சொன்னான்: "நம்மாளுங்க வீட்லெல்லாம் வாள்தானேடா இருக்கும்? எங்கயோ கிடந்த பழசை ஒட்டி நம்மளையே ஏமாத்துறான்."

மருமகனை வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். மகள் பின்பக்கமாகத் தப்பி அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அழவில்லை. தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை.

"வாள் படத்தை ஏம்ப்பா குடுக்கல?"

"அது சாமி மாதிரியே இல்லம்மா."

"அவங்களுக்கு அதுதானேப்பா சாமி."

தெருக்கோடியில் கூச்சல் கேட்டது. எழுந்து பட்டறைக்குப் போய் வாள் படம் ஒன்றை எடுத்துவந்தார். அதுவரை தன் வீட்டில் ஒட்டாமல் இருந்தவர், நான்கு மூலையிலும் பசை தடவி, வாசல் கதவில் அழுத்தி ஒட்டினார். உள்ளே மகள் இருந்தாள்.