கவுண்டரில் ஒட்டிய மன்மதன் படம்

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் பந்தயம் பிடிக்கும் கடையொன்றில் பல வருடங்கள் கவுண்டரில் இருந்தேன். ஊரில் அதைப் ‘புக்கி’ என்பார்கள். பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களில் பாதிப் பேர் பிறகு என்னிடமே வந்து பந்தயத் துண்டு போட்டார்கள். இப்போது ஓய்வு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஓர் ஆளைப் பற்றி எழுதுகிறேன்.

1. வாசலில் நின்ற மலர்

அன்று தூறல். மலர் கடைக்குள் வரவில்லை. குடையோடு வாசலில் நின்று கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். அவள் ஆட்டோ ஓட்டும் சந்திரனின் மனைவி. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து டவுனுக்கு வந்த குடும்பம். லீசிங்கில் தவணைக்கு எடுத்த அந்த ஒரு ஆட்டோதான் அவர்களுக்கு எல்லாமே.

“அக்கா, அவரு குதிர கட்டுறத நான் ஒண்ணும் சொல்லல. இந்த கிரிக்கெட்டுல பால் பாலா கட்டுறத மட்டும் அவருக்குக் குடுக்காதீங்க. ஆட்டோவும் போயிருச்சின்னா புள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க எங்க போறது?”

எனக்கு உடனே விளங்கியது. குதிரைக்குக் கட்டிய காலத்தில் சந்திரன் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹயர் சவாரிக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்து, தோற்றது தெரிந்ததும் குதிரையின் பரம்பரையையே திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். பிறகு முதலாளி கிரிக்கெட்டுக்குக் கட்ட மெஷின் வைத்தார். மேட்ச் நடக்க நடக்கவே கட்டலாம். அடுத்த பந்து நாலா, ஆறா, விக்கெட்டா? தோற்றது மனதில் உறைப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும்.

அதே வாரம் ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையோடு அவருடைய ஆட்டோவில் ஏறினாள். “ஒரு ஓவர் தங்கச்சி, இந்தா வந்துர்றேன்” என்று உள்ளே வந்தவர், அவள் இறங்கி வேறு ஆட்டோ பிடித்துப் போனதுகூடத் தெரியாமல் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்திரன் கெட்டவர் இல்லை. அந்த வேகத்தில் யாருக்குமே புத்தி வேலை செய்யாது.

2. நான் கேட்டாலும் குடுக்காதீங்க

மனைவி சொன்னாள் என்பதற்காக வளர்ந்த மனுஷனைக் கடையால் தடுக்க முடியாது. அவரே சொல்ல வேண்டும். மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்து அவருடைய ஆட்டோவிலேயே என் வீட்டுக்குப் போனேன். வழியில் மெதுவாகப் பேச்செடுத்தேன். அவர் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நானே சொல்றேங்க்கா. எனக்குக் குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.”

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

“மேரி, நாம என்ன கோயிலா நடத்துறோம்? ஒவ்வொருத்தனா தொரத்துனா கடைய மூட வேண்டியதுதான்.”

“அந்தாளு ஆட்டோவ தொலைச்சிட்டு புள்ளைங்களோட நம்ம வாசல்ல வந்து உக்காந்தா, கெட்ட பேரு யாருக்கு மொதலாளி?”

அவர் காதைச் சொறிந்தார். “சரி. அவன் படத்த வாங்கி கவுண்டர்ல ஒட்டு. அவனுக்கு மட்டும் பால் பாலா கட்டுறது கெடையாது.”

சந்திரன் படம் கொண்டுவந்தார். தோட்டத்துக் காமன் கூத்தில் வேஷம் கட்டியபோது எடுத்தது. தலையில் கிரீடம், முகம் முழுக்க அரிதாரம், வரைந்த மீசை, கையில் வில்.

“இது யாருங்க, மன்மதனா?”

“வேற படம் இல்லீங்க்கா.”

சிரித்துக்கொண்டே கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினேன். நான் லீவில் இருந்த ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த சுமதி கவுண்டரில் இருந்தாள். கிரீடம் வைத்த யாரும் வரவில்லை என்று நினைத்து, சந்திரன் கேட்டதையெல்லாம் போட்டுக் கொடுத்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்?

அடுத்த மேட்ச் அன்று என்னிடம் வந்தார். முடியாது என்றேன். கண்ணாடியில் அடித்தார்.

“படத்துல இருக்கிறது நானாக்கா? மன்மதன்தானே? அவனுக்குக் குடுக்காதீங்க, எனக்குக் குடுங்க!”

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆட்டோவுல வச்சி உங்க வாயால சொன்னீங்க சந்திரன். அந்தப் பேச்ச நீங்க மறந்தாலும் நான் மறக்கக் கூடாது.”

சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிவிட்டு வெளியே போனார். ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

3. வேஷம் இல்லாத முகம்

வந்தார். மேட்ச் இல்லாத நாளில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். கையில் ஸ்டூடியோவில் எடுத்த புதுப் படம்.

“மன்மதன கழட்டிட்டு இத ஒட்டுங்க. சுமதிக்கும் அடையாளம் தெரியணும்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சொந்த மொகத்த அங்க ஒட்ட வெக்கமா இருந்திச்சி. போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான்.”

எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொன்னது எங்கள் பிழை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதுப் படத்தை, கவுண்டரில் இருக்கிற எங்களுக்கு மட்டும் தெரியும்படி மேசையின் உள்பக்கம் ஒட்டினேன். அதைக் கேள்விப்பட்டு இன்னும் சிலர் சத்தமில்லாமல் தங்கள் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சந்திரன் அதன் பிறகும் குதிரைக்குக் கட்டினார். தோற்றார், திட்டினார், ஹயருக்குப் போனார். ஆட்டோ அவரிடமே இருந்தது.

நான் வேலையை விட்ட நாளில் அவர்தான் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டார். “நீங்க போன பொறகு என் படத்த எடுத்துருவாங்களாக்கா?” என்று கேட்டார். சுமதியிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

இப்போது போனிலேயே பந்துக்குப் பந்து கட்டலாமாம். சந்திரன் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

“கடையில நீங்க இருந்தீங்க, மொகத்த பாத்து இல்லேன்னீங்க. போன்ல என் படத்த எங்கக்கா ஒட்டுறது?”

சூதாட்டத்துக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் முதலில் அவருக்குப் பதில் சொல்லட்டும். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு மனுஷனுக்கு மூச்சுவிட நேரம் வேண்டும். புத்தி தெளிவாக இருக்கும்போது அவன் வேண்டாம் என்று சொன்னதை, புத்தி கலங்கும்போது யாராவது அவனுக்காகக் காப்பாற்ற வேண்டும். நான் கவுண்டரில் படித்தது அவ்வளவுதான்.