வீட்டுக்காரர் நாற்காலி

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நோனி முன்சுவருக்கு இரண்டாம் தடவை சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை வெள்ளை. மறுநாள் காலை அவள் வீட்டில் பூசை.

எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு தரம் பங்குச் சாமியார் கோயிலை விட்டு இறங்கி வந்து, முறை வந்த வீட்டின் அடுக்களை மேசையிலேயே பூசை வைப்பார். அக்கம்பக்கம் மொத்தமும் வந்து மண்டியிடும். முடிந்ததும் உள்ளறையில் சாமியாருக்குக் காலைச் சாப்பாடு. அவருக்கு எதிர் நாற்காலியில் அந்த வீட்டு ஆண்பிள்ளை உட்காருவான். ஊர் பார்க்க அங்கே உட்கார்ந்தவன்தான் வீட்டுக்காரன்.

நோனி வீட்டு முறை வந்தபோதெல்லாம் பூசை அவளைத் தாண்டி அண்ணன் டெனிஸ் வீட்டுக்குப் போய்விடும். "உனக்கு எதுக்குச் சிரமம்?" என்பான். சிரமம் சுண்ணாம்பில் இல்லை, அவள் புருஷன் வில்ஃப்ரெட்டில் இருந்தது. இங்கிலாந்துக்காரன். எங்கள் சபையும் இல்லை. பட்டாளத்தில் குதிரைக்கு லாடம் அடித்தவன். இந்தத் தடவை நோனி அண்ணனிடம் கேட்கவில்லை. நேரே சாமியார் வீட்டுக் கதவைத் தட்டி, தன் முறையைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

டெனிஸ் படலைத் திறந்துகொண்டு வந்தான். சுவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நாளைக்கு அவனை பான்ட்ரி ஊர்ச் சந்தைக்கு அனுப்பிடு. சாமிக்கு எதிரே நான் உக்காந்துக்கறேன்."

"யாரை அனுப்பணும்?"

"யாரையா? உன் துரையைத்தான்."

"துரை கொல்லையில பன்றிக்குக் கழுநீர் காட்டிட்டிருக்காரு. நீயே போய்ச் சொல்லேன்."

"விளையாடாதே நோனி. அவன் அந்த நாற்காலியில உக்காரப்போறான்னு தெரிஞ்சா ஒருத்தன் உன் வாசப்படி மிதிக்க மாட்டான். அடிச்ச சுண்ணாம்பெல்லாம் வீண்."

"தள்ளி நில்லுண்ணே. கோட்டுல தெறிக்குது."

அவன் போன பிறகு அவள் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி முக்கி அடித்தாள். தேவைக்கு மேலேயே அடித்தாள்.

இங்கிலாந்துப் பட்டாளத்தோடு எங்கள் சனம் சண்டை போட்ட காலத்தில், ஒரு சந்தை நாளில்தான் வில்ஃப்ரெட்டை முதலில் பார்த்தாள். வழியில் அவள் கழுதை நொண்டியது. காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் கேட்காமலே வந்து குளம்பைத் தூக்கி, சிக்கியிருந்த கல்லை நெம்பி எடுத்தான். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. அப்போது சிப்பாயிடம் வாய் திறப்பதே குற்றம். அடுத்த சந்தையில் சொன்னாள். அதற்கடுத்த சந்தையில் பாலத்தடியில் இருவரும் பேசிக்கொண்டு நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி முகத்தில் கரி பூசிய நான்கு பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற கத்திரியால் அவள் தலையை ஒட்ட வெட்டினார்கள். ஒருவன் மட்டும் லாந்தரைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். லாந்தர் பிடித்த கையின் கட்டைவிரலில் நகம் இல்லை. சின்ன வயசில் வண்டிச் சக்கரத்தில் அந்த விரல் நசுங்கியபோது ஈரத்துணி சுற்றிவிட்டவளே நோனிதான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைத் தலையோடு, வெட்டவெளிச்சத்தில், நடுத் தெருவில் நடந்து பூசைக்குப் போனாள். கோயில் வாசலில்தான் சால்வையைத் தலைக்கு ஏற்றினாள், எல்லாப் பெண்களையும் போல. அவள் நடந்த நடையை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள், அவளைப் பிடிக்காதவர்களும்.

பட்டாளம் கப்பலேறிப் போனது. அவனும் போனான். ஊரே மறந்த பிறகு, ஒருநாள் லாடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படலண்டை வந்து நின்றான்.

"எதுக்கு வந்தே?" என்றாள்.

"கழுதைக்கு லாடம் தேஞ்சிருக்கும்னு வந்தேன்."

அவன் வேறு சபை என்பதால் பீடத்துக்கு முன்னால் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கவில்லை. சாமியார் உடை மாற்றுகிற அறையில், பாட்டில்லாமல், பூவில்லாமல் முடிந்தது. அதற்காக அவள் அழவில்லை. நோனியின் சித்தி விட்டுப்போன இந்தக் கல்காட்டைப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பொறுக்கி நிலமாக்கினார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது வில்ஃப்ரெட், "நான் வேணா சந்தைக்குப் போயிடறேனே, நோனி" என்றான்.

"போ. போனா அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கோ" என்று உருளைக்கிழங்கை அவன் தட்டில் கொட்டினாள்.

காலையில் தூறல். சாமியார் வந்து உள்ளே போய்விட்டார். சனம் மட்டும் சந்திலேயே நின்றது. சாமியார் இருக்கும் வீட்டுக்குள் போகாமல் இருக்க எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. முதல் ஆளாகப் போகவும் கிடையாது. ஆண்கள் புகைக்குழாயைத் தட்டித் தட்டி நின்றார்கள். கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரி பாப் கியோஹேன் சால்வையை உதறினாள்.

"மழையில நனைஞ்சு சாகறதுக்கு இங்கிலீஷ்காரன் வீட்டு நெருப்பே மேல்" என்று உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள். பின்னால் ஆடுகள் மாதிரி மற்றவர்கள். டெனிஸ் கடைசியாக வந்தான்.

பூசை முழுவதும் வில்ஃப்ரெட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். முடிந்ததும் சாமியார் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தார். நோனி சோடா உப்புப் போட்டுச் சுட்ட ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்தபோது எதிர் நாற்காலியின் முதுகில் ஒரு கை இருந்தது. கட்டைவிரலில் நகம் இல்லாத கை. கதவுக்கு வெளியே ஊரே எட்டிப் பார்த்தது.

"அண்ணே, அது வீட்டுக்காரர் நாற்காலி" என்றாள்.

"இருக்கட்டும் நோனி," என்றான் வில்ஃப்ரெட் வாசலிலிருந்து. "நான் நின்னுக்கிட்டே சாப்பிடறேன். பட்டாளத்துல பழகினதுதான்."

"பட்டாளத்துல நின்னது போதும். வந்து உக்காரு."

சாமியார் கரண்டியால் முட்டையின் தலையைத் தட்டினார்.

"விடியக்காலம் எழுந்து பட்டினியா வந்திருக்கேன்," என்றார். "வாய்யா, உக்காரு. முட்டை ஆறுது."

வில்ஃப்ரெட் ஈரப் பூட்ஸோடு வந்தான். டெனிஸின் கை நாற்காலியை விட்டு இறங்கியது. வில்ஃப்ரெட் உட்கார்ந்தான். வெளியே பாப் யாரையோ முழங்கையால் இடித்தாள்.

நோனி சுவரோரம் இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் புருஷன் பக்கத்தில் போட்டாள். அதன்மேல் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொட்டை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தாள். ஒரு கோப்பையை எடுத்து வைத்தாள். அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்தது, இவளுக்கு எப்போதிருந்தோ தெரியும் என்று.

"உக்காருண்ணே," என்றாள். "இவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடு. உனக்கும் டீ ஊத்தட்டுமா?"

டெனிஸ் தொப்பியைத் தலையில் வைத்தான். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. அறையை விட்டு வெளியே போனான்.